முழுநாளும் உழைத்தவர்களுக்குக் கிருபை எதற்கு?

வாசகி எழுதியது (சுருக்கமாக):

"ஐயா, எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. சிறுவயது முதல் சபையிலேயே வளர்ந்தவள். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம் எதையும் விட்டதில்லை. என்னுடன் பிறந்தவன் நேர் எதிர். குடித்தான். அம்மாவின் சேமிப்பை ஏமாற்றி எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தான். அவர் அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. சென்ற ஆண்டு நோயில் படுத்தான். படுக்கையில் மனந்திரும்பினான் என்றார்கள். என்னைப் பார்க்க வேண்டுமென்று கேட்கிறான் என அவன் மனைவி போன் செய்தாள். நான் போகவில்லை. இறந்துவிட்டான். அடக்க ஆராதனையில் ஆயர், சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிப் பேசினார். எல்லாரும் 'தேவ கிருபை' என்று அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று முதல் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. அம்மாவின் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்தது நியாயமா? மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாத எனக்கு மன்னிப்பு உண்டா? கிருபைக்கும் இரக்கத்துக்கும் என்னதான் வித்தியாசம்? அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை."

ஆயரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் நடுவில் இருப்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு உண்டு. தம்பி இறந்துபோனதால் அது உங்களுக்கு இல்லாமல் போய்விடவில்லை. ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் காரணங்களை எல்லாம் வாசித்து முடிக்கும்வரை நீங்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வித்தியாசம் பற்றிய கேள்வியைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். நமக்கு வரவேண்டிய தண்டனை வராமல் இருப்பது இரக்கம், நமக்கு உரிமையில்லாத நன்மை வந்து சேருவது கிருபை என்று சபைகளில் சொல்லித்தருகிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே இதைச் சொல்லியிருப்பீர்கள். தவறில்லை. ஆனால் வேதத்தில் இவை இரண்டும் கைகோர்த்தே வருகின்றன. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கி, கற்பலகைகள் உடைந்து, மோசே இரண்டாம் முறையாகப் பலகைகளை வெட்டிக்கொண்டு மலையேறிய நாளில் கர்த்தர் தம்மை எப்படி அறிவிக்கிறார் பாருங்கள்: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" (யாத்திராகமம் 34:6). ஜனங்கள் நன்றாக நடந்துகொண்ட நாளில் சொன்னதல்ல அது. எபிரெயர் நிருபமும் இரக்கத்தைப் பெறவும் கிருபையை அடையவும் ஒரே கிருபாசனத்தண்டைக்குத்தான் நம்மை வரச் சொல்கிறது (4:16). இரக்கம் நம்முடைய பரிதாப நிலையைக் கண்டு உருகுகிறது. கிருபை நம் தகுதியைக் கேட்காமல் கொடுக்கிறது. உருகுகிறவரும் ஒருவர்தான், கொடுக்கிறவரும் அவரே. உங்கள் வேதனை இந்த வித்தியாசம் புரியாததால் வந்ததல்ல என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை.

வேதனை எங்கிருந்து வருகிறது? உங்கள் கடிதத்தில் கோபமும் பயமும் தனித்தனிக் கேள்விகளாக வந்திருக்கின்றன. தம்பிக்குக் கொடுத்துவிட்டாரே என்பது கோபம். எனக்குக் கொடுக்கமாட்டாரோ என்பது பயம். எனக்கு இவை இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. இத்தனை வருஷமாக நீங்கள் கிருபையைக் கூலியாகவே எண்ணி வாழ்ந்திருக்கிறீர்கள். கூலி என்றால் உழைக்காதவனுக்குக் கொடுப்பது அநியாயம். கூலி என்றால் ஒருநாள் தவறினவளுக்கு அது கிடைக்காது. தம்பியைக் குறித்த கோபத்துக்கும் உங்களைக் குறித்த பயத்துக்கும் வேர் அந்த ஒரே எண்ணம்தான்.

இதை உங்களைக் குற்றப்படுத்த எழுதவில்லை. உண்மையாய் உழைப்பவர்களுக்குத்தான் இந்த எண்ணம் வரும். சபைக்காகவும் வீட்டுக்காகவும் ஒன்றும் செய்யாதவருக்குக் கணக்கே இருக்காது.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையில் வந்தவர்களோடு ஒரு பணம் என்று பேசி வேலைக்கு அமர்த்துகிறான். அது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. கடைசியாகப் பதினோராம் மணிவேளையில், அதாவது மாலை ஐந்து மணிவாக்கில், சும்மா நின்றவர்களையும் அழைக்கிறான். எல்லாருக்கும் ஒரே பணம். முந்தி வந்தவர்களின் முறுமுறுப்பைக் கவனியுங்கள். எங்களுக்குக் குறைத்துவிட்டீர் என்று அவர்கள் சொல்லவில்லை. "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு அவர்களைச் சமமாக்கினீரே" என்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் இதே குரல் இருக்கிறது. உங்களுக்கு ஏதோ கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. தம்பியை உங்களுக்குச் சமமாக்கியதுதான் தாங்க முடியவில்லை.

அந்த உவமையில் நாம் எளிதாகத் தாண்டிப்போகிற ஒரு வரி உண்டு. ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டபோது, ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்கிறார்கள் கடைசியாக வந்தவர்கள். அந்தப் பகல் அவர்களுக்கு ஓய்வாக இருக்கவில்லை. வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் தெருவில் நின்ற பகல் அது. அதே நேரத்தில் மற்றவர்களுக்கு வேலை கையில் இருந்தது, கூலி நிச்சயமாகியிருந்தது. உங்கள் தம்பி தேவனைவிட்டுத் தூரமாய்ப் போயிருந்த வருஷங்களை, அவர் அனுபவித்துவிட்டுப் போனார் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். குடிக்கு அடிமையாகி, தாயை ஏமாற்றின மனச்சாட்சியோடு, உடன்பிறந்தவள் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்த வாழ்க்கையை நான் சுகம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் வெயிலில் வேலை செய்தீர்கள், உண்மை. அவர் அதே வெயிலில் வேலையில்லாமல் நின்றார்.

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்ன வாக்கு அவனைச் சிலுவையிலிருந்து இறக்கிவிடவில்லை. அவன் கால்கள் முறிக்கப்பட்டதை யோவான் எழுதுகிறார் (19:32). அதற்கும் முன்னால், நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் செய்ததற்குத் தக்க பலனையே அடைகிறோம் என்று அவனே தன் வாயால் ஒத்துக்கொள்கிறான். குற்றத்தை மூடி மறைத்துக்கொண்டு அவன் கிருபை கேட்கவில்லை. அடக்க ஆராதனைகளில் கள்ளனைப் பற்றிப் பேசும்போது நாங்கள் ஆயர்கள் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். இறந்தவரால் அடிபட்டவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

அந்த வார்த்தையை இப்போது சொல்கிறேன். உங்கள் தம்பி செய்தது தவறு. அம்மாவின் பணம் போனது, அம்மா மகனைத் தேடித்தேடி ஏங்கியது, பாரமெல்லாம் உங்கள் ஒருத்தி தோளில் விழுந்தது எல்லாம் நடந்த அநியாயங்கள். தேவன் அவரை மன்னித்தார் என்றால் அவை நடக்கவில்லை என்றோ பெரிதல்ல என்றோ ஆகிவிடாது. மன்னிக்க ஒரு குற்றம் இருக்க வேண்டும். குற்றமே இல்லாத இடத்தில் மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாவத்தின் கனத்தைத் தேவன் எப்படி எடைபோட்டார் என்று பார்க்க வேண்டுமானால் சிலுவையைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, தேவனும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில் நீங்கள் அவரோடு ஒரே பக்கத்தில்தான் நிற்கிறீர்கள்.

அடுத்தது லூக்கா 15. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்த இளைய மகன் வீடு திரும்ப, தகப்பன் விருந்து வைக்கிற உவமை. உங்களிடம் இந்த அதிகாரத்தை இதற்குள் பலர் நீட்டியிருப்பார்கள், மூத்த குமாரனைப் போல் இருக்காதே என்று. அந்தத் தொனியில் நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் தகப்பன் அந்தத் தொனியில் பேசவில்லை. இளையவன் திரும்பி வரும்போது ஒரு பேச்சைத் தயார்செய்துகொண்டு வருகிறான்: உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். தகப்பன் அந்த வரியை அவன் வாயிலிருந்து வரவே விடவில்லை. வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரரைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார். மூத்தவன் என்ன சொல்கிறான்? இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நீர் கொடுக்கவில்லை. அவனும் கூலிக் கணக்கிலேயே பேசுகிறான். ஒருவன் கூலியாளாகச் சேர வந்தான், இன்னொருவன் வீட்டுக்குள்ளேயே கூலியாளாக வாழ்ந்தான். தகப்பனுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது பிள்ளைகள்.

மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றபோது, "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்" என்று எழுதியிருக்கிறது. இளையவனை எதிர்கொள்ள ஓடினவர் மூத்தவனுக்காகவும் விருந்தை விட்டு இறங்கி வருகிறார். கிருபை கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் உரியது என்று நீங்கள் எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். கோபத்தோடு வெளியே நிற்கிற நல்ல பிள்ளையிடம் தேவன் வந்து கெஞ்சுவதும் அதே கிருபைதான். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். அந்த வீட்டில் அவன் இருந்த வருஷங்கள் வீண் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. உங்கள் பாட்டும், நீங்கள் சொல்லிக்கொடுத்த வசனங்களும், அம்மாவின் படுக்கையருகே விழித்திருந்த இரவுகளும் வீணல்ல. ஆனால் அவற்றால் நீங்கள் தேவனுக்குப் பிள்ளையாகவில்லை. பிள்ளையாக இருந்ததால்தான் அவற்றைச் செய்தீர்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூத்தவன் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்று சொல்ல, தகப்பன் "உன் சகோதரனாகிய இவன்" என்று திருப்பிச் சொல்கிறார். நீங்களும் கடிதம் முழுவதும் 'என்னுடன் பிறந்தவன்', 'அம்மாவின் அந்தப் பிள்ளை' என்றே எழுதியிருக்கிறீர்கள். ஓரிடத்திலும் 'தம்பி' என்று எழுதவில்லை. இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்ல முயன்று பாருங்கள்.

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். அவர் அழைத்தார், நீங்கள் போகவில்லை. இதைப் பாவமே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனதில்லை. உங்களுக்கும் அது வேண்டாம் என்று தெரிகிறது, இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டீர்கள். காயப்பட்டிருந்தீர்கள், நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், போய் நின்றால் வாயில் என்ன வருமோ என்று பயந்திருப்பீர்கள். இவை எல்லாவற்றையும் தேவன் அறிவார். "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" (சங்கீதம் 103:14). இரக்கம் என்று முன்னே எழுதினேனே, அது இதுதான். காரணங்களையும் பார்க்கிறார், அந்தக் காரணங்களுக்குப் பின்னாலிருந்த பிடிவாதத்தையும் பார்க்கிறார், பார்த்தபின்பும் விலகிப்போகவில்லை.

மன்னிப்புக் கேட்க ஆள் இல்லையே என்கிறீர்கள். தாவீது ராஜாவுக்கும் ஆள் இல்லை. தன் படைவீரன் உரியாவை யுத்தமுனையில் நிறுத்திக் கொல்லச் செய்தவர் அவர். நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவர் குற்றத்தை உணர்த்தியபோது உரியா ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டான். தாவீது யார் காலில் விழுவார்? "கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றார். கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார் என்று நாத்தான் அங்கேயே, அப்போதே சொல்கிறார் (2 சாமுவேல் 12:13). உரியா உயிரோடு இல்லாததால் உமக்கு மன்னிப்பில்லை என்று சொல்லவில்லை. விளைவுகள் நீங்கவில்லை என்பதையும் அதே அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. தாவீதின் வீட்டில் துயரம் தொடர்ந்தது. உங்களுக்கும் அப்படியே. போகாமல் விட்ட அந்த நாள் திரும்பி வராது. மன்னிப்புப் பெற்ற பிறகும் அந்த வலி கொஞ்சம் மிச்சமிருக்கும். வலி மிச்சமிருப்பதை வைத்து மன்னிப்பு வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

மன்னிப்பை நம்ப முடியாதவர்களைப் பற்றி வேதத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் திரும்பத்திரும்பச் சொல்வது அதைத்தான். யோசேப்பின் சகோதரர்கள். அவனைக் குழியில் போட்டு விற்றவர்கள். எகிப்தில் அவன் தன்னை அவர்களுக்கு வெளிப்படுத்தி, கட்டிப்பிடித்து அழுது, குடும்பத்தோடு வரவழைத்துக் காப்பாற்றுகிறான். அவர்கள் தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் உயிரோடிருந்தான் என்று ஆதியாகமம் 47 சொல்கிறது. அத்தனை வருஷமும் யோசேப்பின் கையால் சாப்பிடுகிறார்கள். தகப்பன் இறந்ததும் அவர்களுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது: இனி நமக்குச் சரிக்குச்சரி கட்டுவான். ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கிறார்கள், பிறகு தாங்களே வந்து விழுந்து நாங்கள் உமக்கு அடிமைகள் என்கிறார்கள். அவர்கள் அனுப்பிய செய்தியைக் கேட்டபோது யோசேப்பு அழுதான் (ஆதியாகமம் 50:17).

ஏன் அழுதான்? என் எண்ணம் இது. பதினேழு வருஷம் அவன் கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள், அவன் மன்னித்ததை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. பயந்தபடியே சாப்பிட்டிருக்கிறார்கள். அடிமையாக இருக்கிறோம் என்று சொல்வது அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது, ஏனென்றால் அடிமைக்கும் எஜமானுக்கும் கணக்கு உண்டு. யோசேப்பு அந்தக் கணக்கைத் தொடவில்லை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று நடந்ததை நடந்ததாகவே சொல்கிறான். அடுத்த மூச்சில் பயப்படாதிருங்கள், உங்களையும் உங்கள் குழந்தைகளையும் நான் பராமரிப்பேன் என்று ஆறுதல் சொல்கிறான். மன்னிப்பு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துத்தான் காட்டுவேன்.

ஓராண்டாக நீங்கள் ஒரே பாவத்தை அறிக்கையிட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒருமுறை, முழுமையாக, பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஆண்டவரே, நான் பாவி" என்று பொதுவாக வேண்டாம். "என் தம்பி அழைத்தார். நான் வேண்டுமென்றே போகவில்லை" என்று சொல்லுங்கள். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 1:9). நீதியும் உள்ளவர் என்ற சொல் அங்கே நிற்பதைக் கவனியுங்கள். கிறிஸ்து சுமந்து தீர்த்ததை இரண்டாம் முறை உங்களிடம் கேட்பது அவருடைய நீதிக்கே ஒவ்வாது. அதன்பின் அதே நினைவு வந்தால் மறுபடி மன்னிப்புக் கேட்காமல், மன்னித்ததற்கு நன்றி சொல்லுங்கள். முதலில் பொய் சொல்வதுபோல் இருக்கும். மாவுக்கட்டுப் போட்டிருந்த கை கட்டைப் பிரித்ததும் மடங்காது. எலும்பு கூடிவிட்டது, பழக்கத்துக்கு வர நாளாகிறது, அவ்வளவுதான்.

கூடுமானால் உங்கள் ஆயரிடமோ, நீங்கள் நம்பும் முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபம்பண்ணுங்கள் என்று அப்போஸ்தலர் காலத்து யாக்கோபு தம் நிருபத்தில் சொல்வது இதற்காகத்தான். நமக்கு நாமே மன்னிப்பைச் சொல்லிக்கொண்டால் மனம் நம்ப மறுக்கும். இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அது உள்ளே இறங்கும். தூக்கமில்லாமை மாதக்கணக்கில் நீடிக்கிறது, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அது விசுவாசக் குறைவல்ல.

திருவிருந்து. இதை ஆணித்தரமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 1 கொரிந்தியர் 11-இல் உள்ள 'அபாத்திரமாய்' (தகாத விதமாய்) என்ற சொல்லுக்குப் பயந்து எத்தனையோ பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த அதிகாரத்தை 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கொதிக்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்திய அந்தப் பந்தி முறையைத்தான் அவர் அபாத்திரம் என்கிறார். தகுதியுள்ளவர்கள் மட்டும் வரவேண்டும் என்று அவர் எழுதவில்லை. தன்னைச் சோதித்தறிந்தவன் விலகிப்போகட்டும் என்றும் எழுதவில்லை. சோதித்தறிந்து, புசித்து, பானம்பண்ணக்கடவன் என்கிறார். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் மறுதலிக்கப்போகிற பேதுரு, ஓடிப்போகப்போகிற மற்றவர்கள். கர்த்தர் அதை அறிந்தேதான் அப்பத்தைப் பிட்டார்.

கத்தோலிக்க வாசகர்கள் இதைப் படித்தால், கனமான பாவத்துக்குப் பின் முதலில் ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை), அதன்பின் நற்கருணை (திருவிருந்து) என்பது அவர்கள் திருச்சபையின் ஒழுங்கு. அந்த வழியும் விருந்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

கிருபையே முந்தி வருகிறது என்பது ஏதோ ஒரு பிரிவினரின் போதனை என்றும் யாரும் எண்ண வேண்டாம். தேவனைத் தேட வேண்டும் என்ற முதல் விருப்பமே கிருபையால் வருவது என்று 529-இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆரஞ்ச் நகரில் கூடிய ஆலோசனைச் சங்கம் அறிவித்தது. கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் மனிதன் தன் கிரியைகளால் தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்ற கருத்தை 1547-இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமும் மறுத்தது. லூத்தரன் சபைகளுக்கும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையில் நூற்றாண்டுகளாக இருந்த வாக்குவாதத்துக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இருதரப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சேர்ந்து சொன்னது. மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்த சபைகள் 2017-இலும் அதில் இணைந்துகொண்டார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு சண்டைக்குப் பிறகு ஒத்துக்கொண்ட ஒன்றை, உங்கள் ஒருவர் விஷயத்தில் மட்டும் செல்லாது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிக் கொடுத்துக்கொண்டே போனால் யார்தான் ஒழுங்காக வாழ்வார்கள் என்ற கேள்வியும் உங்கள் கோபத்துக்குள் இருக்கிறது. பவுலிடமே கேட்ட கேள்வி அது. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாதே என்கிறார் (ரோமர் 6). தீத்துவுக்கு எழுதும்போது, தேவகிருபையே நமக்குப் போதிக்கிறது என்கிறார். கிருபைக்குப் பின்னால் பயிற்சி இருக்கிறது, அது சில சமயம் மிக மெதுவாக நடக்கிறது. ஜான் நியூட்டன் 1748-இல் கடலில் புயலுக்குள் சிக்கி தேவனைக் கூப்பிட்டவர். ஆனால் அதன்பிறகும் அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களில் வேலை செய்து, அவற்றுக்குத் தலைவராகவும் ஆனார். 1754-இல் உடல்நலம் கெட்டுத்தான் கடல் தொழிலை விட்டார். தான் பங்குகொண்ட அந்த வியாபாரத்தின் கொடுமையை வெளிப்படையாக எழுதி வெளியிட்டது 1788-இல். நாற்பது வருஷம். கிருபை பற்றி உலகெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதினவருக்கே அத்தனை காலம் பிடித்தது. உங்கள் தம்பிக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. அம்மாவின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் அவருக்கு வாய்க்கவில்லை. உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எதற்காக என்று நமக்குத் தெரியாது. அதை நீங்கள் தேவனிடம் விட்டுவிட வேண்டியிருக்கும்.

தம்பியை மன்னிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததை நான் கவனித்தேன். பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காகச் சக ஊழியனின் தொண்டையைப் பிடித்த உவமையை உங்களிடம் பலர் சொல்வார்கள். உண்மையான உவமை. ஆனால் அதை மிரட்டலாகப் பயன்படுத்தி யாரையும் மன்னிக்கவைக்க முடியாது. அந்த ஊழியனின் குறை என்னவென்று பாருங்கள்: தனக்கு விடப்பட்ட கடனின் அளவு அவன் மனதில் உறைக்கவே இல்லை. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்தை எந்த மனிதனும் எத்தனை ஆயுசு உழைத்தாலும் அடைக்க முடியாது. அதைக் கேட்டும், கொஞ்சம் பொறும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று ராஜாவிடம் சொன்னவன் அவன். கிருபையை வாங்கிக்கொள்ளத் தெரியாதவனுக்கு அதைக் கொடுக்கவும் தெரியவில்லை. அதனால் நீங்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியை மன்னிப்பது அதன்பின், ஒருவேளை தவணை தவணையாக, வரும்.

அந்தப் பெண்பிள்ளை. கடிதத்தின் கடைசியில் கேள்வியாக இல்லாமல் ஒரு செய்தியாக அவளைப் பற்றி எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். ராஜாவான பிறகு தாவீது, இறந்துபோன தன் நண்பன், சவுல் ராஜாவின் மகன் யோனத்தான் நிமித்தம் தயைசெய்யத்தக்கவர் சவுலின் வீட்டில் யாராவது மீதியிருக்கிறார்களா என்று தேடினான். யோனத்தானின் மகன், இரண்டு காலும் முடமான மேவிபோசேத் அகப்பட்டான், ராஜாவின் பந்தியில் நித்தம் அப்பம் புசித்தான் (2 சாமுவேல் 9). இறந்துபோனவருக்குச் செய்ய முடியாததை அவர் பிள்ளைக்குச் செய்யலாம் என்பதற்கு வேதத்தில் இடமிருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிப்பு. பரிகாரமாகச் செய்யாதீர்கள். செய்தால் மறுபடியும் கூலிக் கணக்கு ஆரம்பித்துவிடும். அவள் உங்கள் குற்ற உணர்வைச் சுமக்க வேண்டிவரும், அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். வரி வசூலிப்பவனான சகேயு வீட்டில் நடந்த ஒழுங்கைப் பாருங்கள். இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும் என்று இயேசு முந்திச் சொன்னார். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு சொன்னது அதற்குப் பின்புதான். ஆகையால் நீங்கள் முதலில் திருவிருந்துக்கு எழுந்து போங்கள். அதன்பின் தம்பி மனைவிக்கு நீங்களே போன் செய்யுங்கள். அவர் கோபப்படலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. இடையில் நியாயம் பேசாமல் கேளுங்கள். "நீங்கள் கூப்பிட்டபோது நான் வரவில்லை. அது என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பது போதும். தம்பி செய்தவற்றை அந்தப் பேச்சில் எடுக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், உங்களுக்குப் போன் செய்த அவர் இருக்கிறார். மகளைப் பார்க்கலாமா என்பதை அவர் சொல்லட்டும். இப்போது வேண்டாம் என்றால் காத்திருங்கள். வரச் சொன்னால் உங்கள் ஆயரின் வீட்டாரில் ஒருவரையோ, நெருங்கிய தோழியையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். போக முடியாமல் போனாலும் எழுதுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
ஆயர்